காயர் பித்தை வைத்து பிளேட்டிங் தண்ணீரில் நிக்கல், குரோமியம் எடுக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோப்புக்காரன்

வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் காயர் ஃபேக்டரி வைத்திருக்கிறோம். மட்டையை அடித்து நார் எடுத்தால் எடையில் 30 பங்குதான் நார், மீதி 70 பங்கு தூள், அதைத்தான் காயர் பித் என்கிறோம். நல்ல தூளைக் கழுவி, பஃபர் செய்து, கட்டியாக்கி ஏற்றுமதிக்கு அனுப்பிவிடுகிறோம். உப்பு இறங்காத இரண்டாம் தரச் சரக்குதான் களத்தில் மலையாகக் கிடக்கிறது. காற்றடித்தால் பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருகிறார்.

மச்சான் பையன் எம்.எஸ்சி. படிக்கிறான். காயர் பித், உமி, கடலைத் தோல், கரும்புச் சக்கை எல்லாமே தண்ணீரில் இருக்கும் ஈயம், நிக்கல், குரோமியத்தைப் பிடித்துவிடும், 95 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் என்று ஏகப்பட்ட ஆய்வு இருக்கிறது என்கிறான். கோயம்புத்தூரில் சின்னச் சின்ன பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறைகள் நிறைய. டிரம்மில் பித் அடைத்து ஃபில்டராக விற்றால் என்ன என்று ஒரு யோசனை.

என் கேள்வி மூன்று. உண்மையிலேயே வேலை செய்யுமா? செய்யும் என்றால் ஏன் இதுவரை யாரும் விற்கவில்லை? பிடித்து முடித்த பித்தை அப்புறம் என்ன செய்வது?

மூன்றாம்_செமஸ்டர்

அந்த மச்சான் பையன் நானில்லை :) ஆனால் என் புராஜெக்டும் இதேதான், வாழைப்பழத் தோல். தாராளமாக வேலை செய்யும் அண்ணா. செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் இவற்றில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. உலோக அயனி வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நான் எடுத்த காப்பர் கரைசலில் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாம் இறங்கிவிட்டது. எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிடும் லாங்மியூர் மாடலுக்கு அழகாகப் பொருந்தியது. விவசாயிக்கு வருமானம், ஆற்றுக்குச் சுத்தம், இரண்டும் ஒரே கல்லில்.

பேரல்_பிளேட்டர்

தம்பி, எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்? பட்டறைத் தண்ணீரிலா, டிஸ்டில்டு வாட்டரில் காப்பர் சல்பேட்டைக் கரைத்தா?

மூன்றாம்_செமஸ்டர்

டிஸ்டில்டுதான் சார். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

பேரல்_பிளேட்டர்

அதுதான் விஷயம்.

நான் கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். நிக்கல், குரோம், கொஞ்சம் ஜிங்க். ஒரு கல்லூரியிலிருந்து பையன்கள் வந்து, பாதி டிரம் காயர் பித் வைத்து ரின்ஸ் தண்ணீரை (முலாம் பூசிய பொருளை அலசும் தண்ணீர்) விட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் கீழே வந்த தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. நிக்கல் குறைந்ததா என்றால் குறைந்தது. ஆனால் சிஓடி (தண்ணீரில் இருக்கும் கரிம மாசின் அளவு) எங்கேயோ ஏறிவிட்டது. உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வந்த தண்ணீர் பார்க்க மோசம். மூன்றாம் நாள் பித் உப்பி அடைத்துக்கொண்டது, தண்ணீர் இறங்கவே இல்லை. மேலே வழிந்து தரையெல்லாம் ஓடியது.

பையன்களைக் குறை சொல்லவில்லை, ஆர்வமாகத்தான் செய்தார்கள். ஆனால் புராஜெக்ட் அறிக்கையில் அந்த நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஓய்வு_வாத்தியார்

தோப்புக்காரருக்கு வணக்கம். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தத் துறையில் கொஞ்ச காலம் கை நனைத்திருக்கிறேன், அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், நீங்கள் தினமும் செய்கிற வேலையிலேயே இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கை கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து பஃபர் செய்கிறீர்கள் அல்லவா? அங்கே என்ன நடக்கிறது? பித்தில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. அதே இடத்தில்தான் காப்பரும் ஈயமும் நிக்கலும் வந்து உட்காரும். பித் ஒரு அயனிப் பரிமாற்றப் பொருள். இதில் மாயம் எதுவுமில்லை, சந்தேகமும் இல்லை.

சிக்கலும் இங்கேதான். கோவை போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். ரின்ஸ் தொட்டியில் நிக்கல் 10, 20 மில்லிகிராம் இருந்தால் பெரிது. ஒரே இருக்கைக்கு கால்சியமும் போட்டி போடும். ஈயமும் காப்பரும் பிடி இறுக்கமானவை, கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். நிக்கல், ஜிங்க், காட்மியம் அவ்வளவு வலுவில்லை. டிஸ்டில்டு வாட்டர் கரைசலில் இந்தப் போட்டியே கிடையாது. ஆகவே 98 சதவீதம் என்பது பொய்யில்லை. உங்கள் தொட்டிக்குப் பொருந்தாத உண்மை.

இன்னொன்று, சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 50 மில்லி கரைசலில் அரை கிராம் தூளைப் போட்டுக் குலுக்கினால் எந்தத் தூளும் 95 எடுக்கும். கேட்க வேண்டியது, ஒரு கிராம் தூள் எத்தனை மில்லிகிராம் உலோகம் பிடித்தது, வெளியே வந்த தண்ணீரில் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான். அந்த 'ஒரு கிராமுக்கு இவ்வளவு' என்ற எண்ணையும் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் கரைசலில் எடுத்திருப்பார்கள். 10 மில்லிகிராம் தண்ணீரில் அந்த அளவு ஒருபோதும் கிடைக்காது.

இரண்டாவது கேள்வி, ஏன் யாரும் விற்கவில்லை என்பது. ஆராய்ச்சி குறைவு என்று சொல்ல முடியாது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயம் குழுவினர் காயர் பித்திலிருந்து கார்பன் தயாரித்து வருடக்கணக்கில் வேலை செய்தார்கள். பிளேட்டிங் ஆலைகளின் நிஜக் கழிவுநீரிலும் சோதித்தார்கள். கார்பனாக்கிவிட்டால் நிறம் இறங்குவது நின்றுவிடும், உப்புவதும் நின்றுவிடும். ஆனால் கார்பனாக்க அடுப்பு வேண்டும் அல்லது அமிலம் வேண்டும். அமிலத்தில் கருக்கினால் அதைக் கழுவிய தண்ணீரும் ஒரு கழிவுநீர். இலவசமாகக் கிடந்த பித் அதோடு இலவசம் இல்லை என்றாகிவிடுகிறது.

குரோமியம் தனிக் கதை. பிறகு எழுதுகிறேன், கரண்ட் போகும் நேரம்.

தோப்புக்காரன்

பஃபரிங் உதாரணம் பளிச்சென்று புரிந்ததுங்க ஐயா. அப்படிப் பார்த்தால் பஃபர் செய்யாத இரண்டாம் தரப் பித் இன்னும் நல்லதுதானே? சோடியம், பொட்டாசியம் லேசில் கழன்றுவிடுமே.

ஓய்வு_வாத்தியார்

சரியாகப் பிடித்தீர்கள். கால்சியம் ஏறிய பித்தைவிட சோடியம் ஏறிய பித் உலோகத்தை எளிதாக வாங்கும். உமியையும் சக்கையையும் சோடா கரைசலில் ஊறவைத்துப் பயன்படுத்துவதற்கு ஒரு காரணம் அதுதான். கூடவே கொஞ்சம் நிறமும் முன்கூட்டியே இறங்கிவிடும். ஆனால் அந்தக் கழுவிய தண்ணீர்...

தோப்புக்காரன்

தெரியுமுங்க. கருப்பாக ஓடும். அதற்கே எங்கள் ஊரில் ஏற்கெனவே பஞ்சாயத்து நடக்கிறது.

கசடு_ஆபரேட்டர்

நான் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்த்தவன். டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) இதை விற்கலாமா என்றும் யாராவது கேட்பார்கள், அதனால் முதலிலேயே கணக்குச் சொல்லிவிடுகிறேன்.

குரோம் பதனிடும்போது போடுகிற குரோமியத்தில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மீதி தண்ணீரில் வரும். அந்தப் பச்சைத் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் குரோமியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மில்லிகிராம் இல்லை, கிராம். ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் என்றால் 30 கிலோ குரோமியம். உங்கள் பித் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம் பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும், நாளைக்கு ஒரு டன் உலர்ந்த பித் வேண்டும். சாயங்காலம் அது ஐந்தாறு டன் ஈரப் பித்தாக, குரோமியத்தோடு உட்கார்ந்திருக்கும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

அதே தண்ணீரில் மக்னீசியம் ஆக்சைடைப் போட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாகக் கெட்டியாகக் கீழே உட்காரும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் இருப்பதை சல்ஃபூரிக் அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்குப் போகிற குரோம் திரவம் கிடைக்கிறது. பொருளும் திரும்ப வருகிறது. இந்த முறையைத்தான் நம் பக்க டேனரிகளில் குரோம் ரெகவரி யூனிட் என்று வைத்திருக்கிறார்கள். அங்கே பித்துக்கு வேலையே இல்லை.

நீர்த்த தண்ணீர், கொஞ்சம் உலோகம், கடைசிச் சுத்தம், அதுதான் பித் நிற்கக்கூடிய இடம். கெட்டித் தண்ணீருக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாம்_செமஸ்டர்

ஆனால் சார், மக்னீசியம் ஆக்சைடு காசு. பித் கிட்டத்தட்ட இலவசம். ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் 'மலிவான உறிஞ்சுபொருள்' என்றுதான் தலைப்பே வைக்கிறார்கள்.

கசடு_ஆபரேட்டர்

தம்பி, சுத்திகரிப்பில் பெரிய செலவு உள்ளே போடும் பொருளுக்கு இல்லை, வெளியே வரும் கசடுக்கு. உலோகம் ஏறிய எதுவும் அபாயக் கழிவு. 2016 விதிகள்படி அதைக் கணக்கு வைத்து, மூட்டை கட்டி, லாரி வாடகை கொடுத்து, கும்மிடிப்பூண்டி மாதிரி அங்கீகாரம் பெற்ற இடத்தில் டன்னுக்கு இவ்வளவு என்று கட்டிக் கொடுக்க வேண்டும். ஈரத்தின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு. பித் தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும்.

கசடைத் தேக்கி வைப்பதும் விளையாட்டில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள். அந்தச் செய்தியை நம் ஊரில் பலர் மறந்துவிட்டார்கள், எங்கள் ஆட்கள் மறக்கவில்லை.

பாலாற்றங்கரை

அதற்கு முந்தின குப்பை இன்னும் கிடக்கிறதே ராணிப்பேட்டையில். தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 90களின் நடுவில் மூடியது. 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஊறும். 2006இல் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது, அதில் எங்கள் ஊர் பெயரும் இருந்தது.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்சநீதிமன்றம் 'மாசுபடுத்தியவனே காசு கொடுக்க வேண்டும்' என்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில் மறுபடி பாலாறு பற்றித் தீர்ப்பு. இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது. இங்கே உமி, மட்டை என்று பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும்.

இன்னொரு விஷயம். எங்கள் தெருக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. குடிநீர்க் குடத்தில் முருங்கை விதையை இடித்துப் போட்டால், வாழைத்தோலைப் போட்டால் ஈயம், குரோமியம் எல்லாம் போய்விடுமாம். அம்மா ஒரு பானையில் போட்டே வைத்துவிட்டார். இது சரியா?

லேப்_அக்கா

பானையில் போட்டதை முதலில் கொட்டச் சொல்லுங்கள்.

முருங்கை விதையில் ஒரு புரதம் இருக்கிறது, கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும். அது உண்மை, பல ஊர்களில் பழக்கமும் உண்டு. ஆனால் தெளிந்த தண்ணீர் உலோகம் நீங்கிய தண்ணீர் ஆகாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, மொத்த குரோமியம் 0.05. இந்த அளவுக்கு இறங்கியதா என்று கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்கவே முடியாது. வாழைத்தோல் இரண்டு நாள் ஊறினால் தண்ணீரில் கிருமிதான் வளரும். சந்தேகமான கிணறு என்றால் சாம்பிளைக் கொடுத்துப் பாருங்கள். சரியாகப் பராமரிக்கிற ஆர்.ஓ. கன உலோகத்தை எடுக்கும். அதுவரை அந்தக் கிணற்றை சமையலுக்கும் குடிக்கவும் தொடாதீர்கள்.

ஆலைக் கழிவுநீருக்கான அளவு வேறு. நீர்நிலைக்கு விடும்போது நிக்கல், காப்பர் 3 மில்லிகிராம், ஜிங்க் 5, ஈயம் 0.1, ஆறு இணைதிற குரோமியம் 0.1, மொத்த குரோமியம் 2. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி வாட்ஸ்அப் செய்தி வருகிறது.

பாலாற்றங்கரை

நன்றி அக்கா. அம்மாவிடம் நீங்கள் சொன்னதாகச் சொல்கிறேன், நான் சொன்னால் கேட்க மாட்டார்.

ஓய்வு_வாத்தியார்

குரோமியம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். லேப் அக்கா இரண்டு குரோமியத்தையும் பிரித்துச் சொல்லிவிட்டார், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டேனரியில் வருவது மூன்று இணைதிற குரோமியம், பச்சை. குரோம் பிளேட்டிங்கில் வருவது ஆறு இணைதிறம், மஞ்சள். புற்றுநோய் என்று பயப்படுவது இரண்டாவதற்கு. மூன்று, நேர்மின் அயனி. ஆறு, ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக எதிர்மின் அயனியாகத் தண்ணீரில் இருக்கும். பித்தின் மேற்பரப்பும் சாதாரண பிஎச்சில் எதிர்மின். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும், ஒட்டாது. அதனால்தான் ஆறு இணைதிற குரோமியம் பற்றிய ஆய்வில் எல்லாம் 'பிஎச் 2இல் சிறந்த பலன்' என்று முடிவு வரும்.

அந்த பிஎச் 2இல் என்ன நடக்கிறது என்பதுதான் சுவாரசியம். ஒட்டுவது கொஞ்சம். பெரும்பகுதி, பித்தில் இருக்கும் லிக்னினும் டேனினும் குரோமேட்டை மூன்று இணைதிறமாக ஒடுக்கிவிடுகின்றன. அப்படி ஒடுங்கிய மூன்று இணைதிற குரோமியத்தில் கொஞ்சம் பித்தில் ஒட்டும், மீதி தண்ணீரிலேயே கரைந்திருக்கும். மாணவர்கள் டைஃபீனைல் கார்பசைடு என்ற நிறம் காட்டும் பொருளைப் போட்டு 540 நானோமீட்டரில் அளக்கிறார்கள். அந்த ஊதா நிறம் ஆறுக்கு மட்டும்தான் வரும். நிறம் வரவில்லையா, '99 சதவீதம் நீக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். மொத்த குரோமியத்தை ஏ.ஏ.எஸ்.ஸில் (உலோகத்தை அளக்கும் கருவி) பார்த்தால்தான் எவ்வளவு தண்ணீரிலேயே இருக்கிறது என்று தெரியும்.

தம்பி மூன்றாம்_செமஸ்டர், உங்கள் வழிகாட்டி அடுத்து குரோமியம் செய்யச் சொன்னால் இரண்டையும் அளந்துவிடுங்கள். வைவாவில் யாராவது கேட்டால் பதில் இருக்கும்.

பேரல்_பிளேட்டர்

பட்டறையில் நாங்கள் செய்வதும் ஏறத்தாழ அதேதான். அமிலம் விட்டு பிஎச் 2, 3க்கு இறக்கி சோடியம் மெட்டா பைசல்ஃபைட் போடுவோம். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே பச்சையாக மாறும். அப்புறம் சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு எட்டரை, ஒன்பதுக்கு ஏற்றினால் திரிந்து கீழே உட்காரும். மெட்டா பைசல்ஃபைட்டுக்குப் பதில் பித் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் ஐந்து நிமிட வேலைக்கு ஐந்து மணி நேரம் காத்திருப்பதில் எனக்கு என்ன லாபம்?

இதைப் படிக்கிற வேறு பட்டறைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிஎச் 2 என்று கேட்டதும் எல்லாத் தொட்டித் தண்ணீரையும் ஒன்றாகக் கலந்து அமிலம் விட்டுவிடாதீர்கள். சயனைடு ஜிங்க், சயனைடு காப்பர், வெள்ளி முலாம் ஓடுகிற பட்டறை என்றால் அந்தத் தண்ணீரில் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். ஆளைக் கொன்றுவிடும். சயனைடு லைன் தனி, குரோம் லைன் தனி. பித்தோ, கரியோ, எந்த ஃபில்டரோ, இது மாறாது. அதோடு, சயனைடு கட்டிப்பிடித்து வைத்திருக்கும் காப்பரும் எதிர்மின் அயனிதான், பித்தில் ஒட்டாது.

தோப்புக்காரன்

இதெல்லாம் நல்லவேளை இப்போதே தெரிந்தது. சரிங்க, அப்படியென்றால் நிக்கல் ரின்ஸ் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். பேரல் அண்ணா, உங்கள் அளவுப் பட்டறைக்கு எவ்வளவு பித் தேவைப்படும்?

பேரல்_பிளேட்டர்

தோராயமாகச் சொல்கிறேன். நாளைக்கு 2,000 லிட்டர், நிக்கல் லிட்டருக்கு 20 மில்லிகிராம். மொத்தம் 40 கிராம். பித் கிராமுக்கு 10 மில்லிகிராம் என்றால் 4 கிலோ. முழுக்க நிறையும்வரை விட முடியாது, பாதியிலேயே நிக்கல் கசிய ஆரம்பிக்கும், அதனால் 8 கிலோ. மாதம் 200 கிலோ காய்ந்த பித், கழிவாக வரும்போது ஒரு டன் ஈரம்.

இதோடு கடையில் விற்கும் அயனிப் பரிமாற்ற ரெசினை ஒப்பிடுங்கள். கேட்டயான் ரெசின் லிட்டருக்கு 2 ஈக்விவலென்ட், காகிதக் கணக்கில் 58 கிராம் நிக்கல். பித் லிட்டருக்கு 100 கிராம் எடைதான் இருக்கும், அதில் ஏறுவது ஒரு கிராம் நிக்கல். ரெசினை அமிலம் விட்டுக் கழுவி மறுபடி மறுபடி ஓட்டலாம். கழுவிய திரவத்தில் நிக்கல் கெட்டியாக இருக்கும், அதற்கு விலை உண்டு.

உண்மையைச் சொன்னால் இரண்டுமே வேண்டாம், முதலில் ரின்ஸ் தொட்டியை ஒன்றிலிருந்து மூன்றாக்கி எதிர்த் திசையில் தண்ணீர் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பொருளைத் தொட்டிக்கு மேல் சற்று நேரம் சொட்டவிட்டு எடுத்தாலே நிக்கல் மிச்சம். பையன்கள் அவசரத்தில் சொட்டச் சொட்ட இழுத்துக்கொண்டு போகிறார்கள், தரையைப் பார்த்தாலே தெரியும், பச்சைப் பச்சையாகக் கோடு.

மூன்றாம்_செமஸ்டர்

பித்தையும் அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாமே? 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், ஐந்து சுற்று வரை பார்த்திருக்கிறார்கள்.

ஓய்வு_வாத்தியார்

கழுவலாம். காப்பரும் நிக்கலும் நன்றாகவே இறங்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பித் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும், நுண்தூள் கூடும், அடைப்பு கூடும். விலையில்லாத பொருளை விலையுள்ள அமிலத்தில் கழுவுவதா என்ற கேள்வியும் வரும். கழுவாமல் எரித்துச் சாம்பலாக்கி அளவைக் குறைப்பது ஒரு வழி. நிக்கல், காப்பருக்கு அது யோசிக்கத் தக்கது, புகையைப் பிடிக்கத் தெரிந்த உலையாக இருந்தால்.

கசடு_ஆபரேட்டர்

குரோமியம் ஏறியதை மட்டும் எரிக்கவே கூடாது. செங்கல் சூளையில் போட்டுவிடலாம் என்று எங்கள் பக்கமும் யோசனை சொன்னவர்கள் உண்டு. மூன்று இணைதிற குரோமியத்தைக் காற்றில், சுண்ணாம்போ சோடாவோ கூட இருக்கும்போது சூடாக்கினால் ஆறாக மாறும். ராணிப்பேட்டையில் அந்த ஆலை குரோமேட் செய்ததே அப்படித்தான், குரோமைட் தாதுவை சோடா சாம்பலோடு வறுத்து. பச்சையாக, அடங்கிக் கிடந்ததை மஞ்சளாக்கிக் காற்றில் விடுவதற்குச் சமம்.

பாலாற்றங்கரை

சிரிப்பு வருகிறது என்று எழுதியதற்கு யாரும் கோபப்படவில்லை, நன்றி. சீரியஸாகவே கேட்கிறேன். நிலத்துக்கு அடியில் இறங்கிவிட்ட மஞ்சள் தண்ணீருக்கு இந்த விவசாயக் கழிவு எதுவும் உதவாதா? வாத்தியார் ஐயா சொன்னபடி லிக்னின் ஆறை மூன்றாக்கும் என்றால், அதை மண்ணுக்குள்ளேயே செய்ய முடியாதா?

ஓய்வு_வாத்தியார்

இந்த இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான்.

முடியும், செய்திருக்கிறார்கள். லிக்னினை வைத்து அல்ல, மொலாசஸை (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) வைத்து. அமெரிக்காவில் குரோமேட் இறங்கிய நிலத்தடி நீரில் மொலாசஸ் கரைசலைக் குழாய்க் கிணறு வழியே செலுத்துகிறார்கள். மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று ஆக்சிஜனைக் காலி செய்யும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் ஆறு மூன்றாக ஒடுங்கி, ஹைட்ராக்சைடாக மண்ணிலேயே தங்கிவிடும். எதையும் வெளியே அள்ள வேண்டியதில்லை.

சுரங்க அமில நீருக்கும் இதே தத்துவம். வைக்கோல், சாணம், மரத்தூள் நிரப்பிய குழிக்குள் தண்ணீரைச் செலுத்துவார்கள். சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா சல்ஃபைடு உண்டாக்கும், உலோகம் சல்ஃபைடாகப் படியும். இங்கே விவசாயக் கழிவு உலோகத்தைப் பிடிக்கும் பொருளாக இல்லை, பாக்டீரியாவுக்குத் தீனியாக இருக்கிறது. என்னைக் கேட்டால் உமி, சக்கையின் எதிர்காலம் இந்தப் பக்கம்தான். பீக்கரில் குலுக்கும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. இன்னொரு பழத்தோலை எடுத்து இன்னொரு லாங்மியூர் வரைபடம் போடுவதால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. (தம்பி, உங்களைச் சொல்லவில்லை. உங்கள் வழிகாட்டியைச் சொல்கிறேன்.)

பக்க விளைவும் உண்டு. ஆக்சிஜன் காலியானால் மண்ணில் இருக்கும் இரும்பு, மாங்கனீசு கரைந்து கிளம்பும், ஆர்சனிக் இருந்தால் அதுவும். தண்ணீர் நாறும். குப்பை மலை மேலேயே இருக்கும்போது கீழே மட்டும் மொலாசஸ் ஊற்றிப் பயனில்லை, மழைக்கு மழை புதிதாக இறங்கிக்கொண்டேயிருக்கும். முதலில் மலையை அகற்றவோ மூடவோ வேண்டும்.

பாலாற்றங்கரை

அம்முண்டி சர்க்கரை ஆலை எங்களுக்குப் பக்கம்தான். மொலாசஸுக்குப் பஞ்சமில்லை. மலையை யார் அகற்றுவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

லேப்_அக்கா

தோப்புக்காரருக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்வி, பிடித்து முடித்த பித்தை என்ன செய்வது என்பது. தொழில் ரீதியாக அதுதான் உங்களுக்கு ஆபத்து.

டிரம்மை விற்றுவிட்டுப் போனால், பட்டறைக்காரர் நிறைந்த பித்தை 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார். எடுத்துக்கொண்டால் அபாயக் கழிவைக் கையாள உங்களுக்கு அனுமதி வேண்டும். எடுக்காவிட்டால் அவர் தோட்டத்துக்கு எரு என்று யாருக்காவது கொடுத்துவிடுவார். நிக்கல் ஏறிய பித்துக்கும் நல்ல பித்துக்கும் பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. அது ஒரு லோடு உங்கள் களத்தில் கலந்தால்? நீங்கள் அனுப்புவது செடி வளர்க்கும் குரோ பேக். தக்காளியும் ஸ்ட்ராபெரியும் அதில்தான் வளரப்போகின்றன. வெளிநாட்டு வாங்குபவர் கன உலோகம் சோதிக்கிறார். ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் இரண்டாம் தரச் சரக்கில் சம்பாதித்ததெல்லாம் போய்விடும்.

தோப்புக்காரன்

இதை நான் யோசிக்கவே இல்லைங்க. களத்துக்குள் அந்தச் சரக்கு வரவே கூடாது, புரிகிறது.

அப்படியென்றால் விற்பதை விட்டுவிடட்டுமா? மனசு கேட்கவில்லை. அவ்வளவு தூள் கிடக்கிறது.

கசடு_ஆபரேட்டர்

தூளைத் தூக்கிப்போட வேறு நல்ல இடம் இருக்கிறதே. உப்பைக் கழுவிவிட்டு மட்கவைத்தால் எருவாகும். உலோகத்தைப் பிடிக்கிற வேலைக்கு அதைத் தள்ளியே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

பேரல்_பிளேட்டர்

நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு போட்டு இறுத்த பிறகும் காப்பர், ஈயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கடைசியில் பிடிக்க, கார்பனாக்கிய பித்தோ தேங்காய்த் தொட்டிக் கரியோ வைத்துப் பார்க்கலாம். அளவு சின்னது, மாதம் ஒரு மூட்டை. அதை என் கசடோடு சேர்த்தே அனுப்பிவிடுவேன், உங்கள் தலையில் கட்ட மாட்டேன். காங்கேயம் பக்கம் கரிக்காரர்கள் அயோடின் நம்பர் ஆயிரம், ஆயிரத்து நூறு என்று சொல்லி விற்கிறார்கள், அதை வாங்கினால் போதுமா வாத்தியார் ஐயா?

ஓய்வு_வாத்தியார்

அயோடின் நம்பர் துளைகளின் பரப்பைச் சொல்லும். நிறம், வாசனை, கரிமப் பொருள் எடுக்க அது உதவும். உலோக அயனி துளைக்காக வருவதில்லை, மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதி இருக்கிறதா என்று பார்த்து வருகிறது. ஆயிரம் உள்ள கரி உலோகத்தில் தோற்கும், முந்நூறு உள்ள கருக்கிய பித் ஜெயிக்கும், இரண்டும் நடக்கும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் தண்ணீரை விட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தோப்புக்காரன்

சரிங்க. முதலில் பேரல் அண்ணா பட்டறைத் தண்ணீரையே சோதிக்கலாம் என்று நினைக்கிறேன், அவர் சம்மதித்தால். லேப் அக்கா, சாம்பிள் எப்படி எடுப்பது?

பேரல்_பிளேட்டர்

வாங்க வாங்க. செவ்வாய்க்கிழமை பட்டறை லீவு, மற்ற நாள் எப்போது வேண்டுமானாலும்.

லேப்_அக்கா

காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் எடுக்காதீர்கள், தொட்டி அப்போதுதான் புதுத் தண்ணீர் நிரப்பியிருக்கும், எல்லாம் அழகாக வரும். மதியத்துக்கு மேல், பேரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். பிளாஸ்டிக் கேன், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு. இரண்டு கேன் வேண்டும். ஒன்றில் மொத்த உலோகம் பார்க்க நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் கேன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சயனைடு தொட்டிப் பக்கம் அந்தக் கேனைக் கொண்டுபோகாதீர்கள், மேலே அண்ணா சொன்ன காரணத்துக்காக. இன்னொரு கேன் ஆறு இணைதிற குரோமியத்துக்கு. அதில் அமிலம் விடக் கூடாது, விட்டால் வழியிலேயே மூன்றாக மாறிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

கூடவே கடினத்தன்மையும் சிஓடியும் பார்க்கச் சொல்லுங்கள். பித் வழியாக விட்ட தண்ணீருக்கும் அதே பட்டியல், ஒன்று விடாமல். நிக்கல் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் மறுபடி இங்கே வந்து அந்த நிறத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

மூன்றாம்_செமஸ்டர்

நானும் வரலாமா? வாழைத்தோல் கொண்டுவர மாட்டேன்.

பேரல்_பிளேட்டர்

ஷூ போட்டுக்கொண்டு வாங்க தம்பி, செருப்போடு உள்ளே விட மாட்டேன்.